அழைப்புக் கைமாற்றம் (செய்மதித் தொலைபேசி)

தாழ் புவிச் சுற்றுப்பாதைச் செய்மதித் தொலைபேசி வலையமைப்புகளில், நடந்துகொண்டிருக்கும் அழைப்பை அறுபடாமல் ஒரு கற்றையிலிருந்து மற்றொரு கற்றைக்கோ, ஒரு செய்மதியிலிருந்து மற்றொரு செய்மதிக்கோ மாற்றும் செயற்பாடு கைமாற்றம் எனப்படும்.

தேவை

தரைவழிச் செல்லிடத் தொலைபேசியில் கோபுரம் நிலையாக நிற்க, பயனர் நகர்கின்றார். இங்கு நிலைமை தலைகீழானது. 1998 இல் சேவையைத் தொடங்கிய இரிடியம் வலையமைப்பில் 66 செய்மதிகள், 6 சுற்றுத்தளங்களில், ஏறத்தாழ 780 கிமீ உயரத்தில் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 நிமிடங்களில் புவியை ஒருமுறை சுற்றுகின்றது. இதனால் தரையில் விழும் கற்றை நொடிக்கு 6.5 கிமீக்கும் கூடுதலான வேகத்தில் நகர்கின்றது. மணிக்கு 900 கிமீ வேகத்தில் பறக்கும் வானூர்தியும் நொடிக்கு 0.25 கிமீ மட்டுமே கடப்பதால், பயனரின் வேகத்தைப் பெரும்பாலும் புறக்கணிக்கலாம்.

வகைகள்

கற்றைக் கைமாற்றம்: இரிடியம் செய்மதி ஒவ்வொன்றும் 48 கற்றைகளை வீசுகின்றது. ஒரு கற்றை ஏறத்தாழ 400 கிமீ அகலமுடையது. ஆகவே ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை அழைப்பு அடுத்த கற்றைக்கு மாறுகின்றது.

செய்மதிக் கைமாற்றம்: ஒரு செய்மதி பயனருக்கு ஏறத்தாழ 10 நிமிடங்களே தென்படும். அது மறையுமுன் அழைப்பு வேறொரு செய்மதிக்கு மாற்றப்படுகின்றது. இரிடியம் செய்மதிகள் தமக்குள் நேரடியாகத் தொடர்பு கொள்வதால், அழைப்பு செல்லும் வழியையும் அப்போது மாற்றியமைக்க வேண்டும்.

மென் கைமாற்றம்: 1414 கிமீ உயரத்தில் இயங்கும் குளோபல்ஸ்டார் வலையமைப்பில் ஒரே அழைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட செய்மதிகளின் வழியே செல்ல இயலும். புதிய இணைப்பு கிடைத்த பின்னரே பழையது விடப்படுகின்றது.

தட ஒதுக்கீடு

அடுத்த கற்றையில் வெற்றுத் தடம் இல்லையெனில் அழைப்பு அறுந்துவிடும். தொடக்கத்திலேயே இணைப்புக் கிடைக்காமல் போவதைவிட, பேச்சின் நடுவே அறுபடுவதே பயனருக்குக் கூடுதல் இடையூறாகக் கருதப்படுகின்றது. எனவே சில தடங்கள் கைமாற்றத்துக்கென ஒதுக்கப்படலாம். எடுத்துக்காட்டாக, 10 தடங்களில் 2 ஒதுக்கப்பட்டால், 8 தடங்கள் நிரம்பியதும் புதிய அழைப்புகள் மறுக்கப்படும். கற்றைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியில், கைமாற்றக் கோரிக்கையைச் சிறிது நேரம் வரிசையில் காத்திருக்கச் செய்வது மற்றொரு முறையாகும்.

செய்மதியின் பாதை முன்னரே அறியப்பட்டது. ஆகையால் பயனரின் இருப்பிடம் தெரிந்தால், கைமாற்றம் நிகழும் நேரத்தைக் கணித்து, அந்நேரத்துக்கு மட்டும் தடத்தை ஒதுக்க இயலும். எனினும் அழைப்பு எப்போது முடியும் என்பதைக் கணிக்க இயலாது. அது முன்னதாகவே முடிந்தால், ஒதுக்கிய தடம் பயன்படாமற் போகும்.

பேரிடரில் தரைக் கோபுரங்கள் செயலிழக்கும்போது, ஒரே கற்றைக்குள் பலர் அழைக்க முயல்வர். அப்போது மறுக்கப்படும் புதிய அழைப்பு உதவி கோரும் அழைப்பாகவும் இருக்கக்கூடும். ஆதலால் எத்தனை தடங்களை ஒதுக்குவது என்பது இவ்வலையமைப்புகளின் வடிவமைப்பில் கவனமாக எடுக்கவேண்டிய முடிவாகும்.