ஒளிக்குக் கணக்கிட்ட ஃபோங்

ஓர் ஆராய்ச்சியாளரின் பெருமையை எதைக்கொண்டு அளப்பது? அவர் வெளியிட்ட கட்டுரைகளை எண்ணி அளப்பதே இன்று வழக்கமாகிவிட்டது. முதுகலை வகுப்பில் காலடி வைத்த நாள் முதலாக, "எத்தனை கட்டுரை?" என்னும் கேள்வியே நம் காதில் விழுகின்றது. அக்கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்த நண்பர்களுக்காக, கட்டுரைக் கணக்கில் ஏழையாகவும் பயனில் பெருஞ்செல்வராகவும் விளங்கிய ஒருவரைப்பற்றி எழுதத் துணிந்தேன். அவர் பெயர் புய் துவோங் ஃபோங். கணிப்பொறி வரைகலை பயின்றோருள் அவர் பெயரை அறியாதார் இலர். அவர் வாழ்க்கையை அறிந்தவரோ மிகச் சிலர்.

ஃபோங் 1942ஆம் ஆண்டு வியட்நாமின் ஹனோய் நகரில் பிறந்தார். நாடு இரண்டாகப் பிரிந்த 1954ஆம் ஆண்டில் அவர் குடும்பம் தெற்கே சைகோனுக்குக் குடிபெயர்ந்தது. 1964இல் அவர் பிரான்ஸுக்குப் படிக்கச் சென்றார். கிரெனோபிளில் பட்டமும், 1968இல் துலூஸ் நகரில் பொறியியல் பட்டமும் பெற்று, பிரெஞ்சுக் கணிப்பொறி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். 1971இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்திற்கு ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்தார். வீட்டில் ஒரு மொழி, கல்லூரியில் ஒரு மொழி, ஆராய்ச்சிக்கு மூன்றாவதாக ஒரு மொழி. ஊர்விட்டு ஊர்வந்து படிக்கும் நமக்கு இந்நிலை புதிதன்று.

அவர் பெயரிலும் நமக்குத் தெரிந்த சிக்கல் ஒன்று உண்டு. வியட்நாமிய வழக்கில் குடும்பப் பெயர் முன்னே நிற்கும். அவர் குடும்பப் பெயர் புய். மேனாட்டாரோ இறுதியில் நிற்பதே குடும்பப் பெயரென்று கொண்டு, அவரை ஃபோங் என்று குறித்தனர். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுமக்கும் நாம் விண்ணப்பத் தாள்களில் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயினும் வியட்நாமில் ஒருவரை அழைப்பது இறுதிப் பெயரால்தான். ஆகவே உலகம் தன்னை அறியாமலேயே, அவர் நண்பர்கள் அழைத்தவாறே அவரை இன்றும் அழைத்துக்கொண்டிருக்கின்றது!

அக்காலத்து யூட்டா ஓர் அறிவுப் பட்டறை. டேவிட் எவன்ஸும் ஐவன் சதர்லண்டும் அங்கே ஆசிரியர்கள். பின்னாளில் பிக்சார் நிறுவனத்தை உருவாக்கியோருள் ஒருவரான எட் கேட்மல், சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜிம் கிளார்க் ஆகியோர் உடன் பயின்றவர்கள். 1972இல் மாணவர்கள் ஒரு வோக்ஸ்வாகன் காரின் மேலே புள்ளிகள் இட்டு, அளவுகோலால் அளந்து, அதன் வடிவத்தைக் கணிப்பொறிக்குள் ஏற்றினார்கள். அளந்தவர்களுள் ஃபோங்கும் ஒருவர்.

வடிவத்தை ஏற்றியாயிற்று. அதன்மேல் ஒளி விழுவதைக் காட்டுவது எங்ஙனம்? இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. கணிப்பொறிக்கு வளைந்த பரப்பு எளிதில் வசப்படாது. ஆகவே வளைவைச் சிறுசிறு தட்டையான துண்டுகளாக வெட்டி ஒட்டவைப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஒளியளவைத் தந்தால், உருண்டையான பானை பட்டை தீட்டிய கல்போலக் காட்சியளிக்கும்.

ஹென்றி கூரோ என்னும் பிரெஞ்சு மாணவர் 1971இல் இதற்கு ஒரு வழி கண்டார். துண்டின் மூலைகளில் மட்டும் ஒளியளவைக் கணக்கிட்டு, இடைப்பட்ட இடங்களில் அதனைப் படிப்படியாகப் பரப்பினார். பட்டைகள் மங்கின, ஆனால் இரு குறைகள் நின்றன. முதலாவது, துண்டுகள் கூடும் விளிம்பில் ஒளி கூடிக் குறையும் வேகம் சட்டென மாறும். நம் கண் அம்மாற்றத்தை மிகைப்படுத்திக் கோடுபோலக் காட்டும். இதனை மாக் பட்டை என்பர். இரண்டாவது, பளபளப்பான பொருளில் தோன்றும் ஒளிப்புள்ளி துண்டின் நடுவே விழுந்தால், மூலைகளை மட்டும் பார்க்கும் கணக்கு அதனைக் காணாமலே போய்விடும்.

ஃபோங் செய்தது யாது? அவர் ஒளியளவைப் பரப்பவில்லை, திசையைப் பரப்பினார். பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் செங்குத்தாக ஒரு முள் நிற்பதாகக் கொள்வோம். மூலைகளில் நிற்கும் முட்களின் சாய்வைக் கொண்டு, இடையிலுள்ள ஒவ்வொரு புள்ளியின் முள் எவ்வாறு சாய்ந்திருக்கும் என்று முதலில் காண்கிறார். அதன் பின்னரே அப்புள்ளியின் ஒளியைக் கணக்கிடுகிறார். துண்டு தட்டையாகவே இருக்கின்றது. ஆனால் ஒளி அதனை வளைவென்றே நம்புகின்றது! ஒளிப்புள்ளி துண்டின் நடுவிலும் தோன்றிற்று. மாக் பட்டைகளும் பெரிதும் குறைந்தன.

அடுத்தது ஒளிக்கணக்கு. அதனை மூன்று பங்குகளின் கூட்டுத்தொகையாக அவர் அமைத்தார். எங்கும் பரவியிருக்கும் பொது ஒளி ஒரு பங்கு. மண்பானையில்போல எத்திசையிலும் சமமாகச் சிதறும் ஒளி இரண்டாம் பங்கு. இது முள்ளுக்கும் விளக்கின் திசைக்கும் இடையேயுள்ள கோணத்தின் கோசைனைப் பொறுத்தது. வெண்கலக் குத்துவிளக்கில்போலப் பளிச்சிட்டுத் திரும்பும் ஒளி மூன்றாம் பங்கு. ஒளி எதிரொளித்துச் செல்லும் திசைக்கும் நம் பார்வைத் திசைக்கும் இடையேயுள்ள கோணத்தின் கோசைனை எடுத்து, அதனை ஓர் அடுக்குக்கு உயர்த்துவதே இம்மூன்றாம் பங்கின் சூத்திரம்.

அந்த அடுக்கில்தான் அழகெல்லாம் அடங்கியுள்ளது. பார்வை எதிரொளித் திசையிலிருந்து 10 பாகை விலகியிருக்கட்டும். கோசைன் ஏறத்தாழ 0.985. அடுக்கு 10 ஆயின் விடை 0.86, ஒளி இன்னும் பரந்து நிற்கும். அடுக்கு 100 ஆயின் விடை 0.22, ஒளி சுருங்கிக் கூர்மையான புள்ளியாகிவிடும். ஓர் எண்ணை மாற்றினால் மங்கிய பொருள் பளபளக்கும். இதற்குப் பள்ளிக்கூடத்து முக்கோண கணிதமே போதும் அன்றோ?

இச்சூத்திரம் இயற்கையின் விதியன்று. கண்ணுக்கு ஒத்துவரும் தோராயமே. இதனை ஃபோங் மறைக்கவில்லை. உலகை உள்ளவாறே காட்டுவது தம் நோக்கமன்று, உண்மைக்குப் போதிய அளவு நெருங்கிய தோற்றமே நோக்கம் என்னும் கருத்தைத் தம் கட்டுரையிலேயே தெளிவுபடுத்தினார். தம் வழியின் எல்லையைத் தாமே வரைந்து காட்டுவது விஞ்ஞானிக்குரிய நேர்மை.

அவருடைய எழுத்துகள் இப்பொருளில் எத்தனை? 1973இல் டாக்டர் பட்ட ஆய்வேடு ஒன்று. 1975 ஜூனில் அமெரிக்கக் கணிப்பொறிச் சங்கத்தின் இதழில் அதன் சாரமாக ஏழு பக்கக் கட்டுரை ஒன்று. அதே ஆண்டில் ஃபிராங்க் குரோ என்பவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று. அவ்வளவே. மாணவராய் இருந்தபோதே கொடிய நோய் அவரைப் பற்றியிருந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார், 1975லேயே மறைந்தார். 33 வயது நிறையவில்லை.

கட்டுரை வளர்ந்தது. 1977இல் ஜிம் பிளின் ஒளிக்கணக்கைச் சற்றே மாற்றி அமைத்தார். அம்மாற்றுருவம் நெடுங்காலம் வரைகலைக் கருவிகளில் இயல்பான முறையாக நிலைபெற்றது. ஒவ்வொரு புள்ளிக்கும் திசை காணும் ஃபோங்கின் முறை அன்றைய பொறிகளுக்குப் பெருஞ்சுமை. ஆகவே கருவிகள் பல ஆண்டுகள் கூரோவின் எளிய முறையையே கைக்கொண்டன. இன்றோ புள்ளிதோறும் கணக்கிடுவது கைபேசிக்கும் எளிது. திரைப்படங்களில் இயற்பியலை இன்னும் நெருங்கிய முறைகள் வந்துவிட்டன. எனினும் வரைகலை கற்போர் முதற்பாடமாகப் பயில்வது இன்றும் ஃபோங்கின் மூன்று பங்குகளையே.

நண்பர்களே, கட்டுரைகளை எண்ண வேண்டாம் என்று நான் கூறவில்லை. எண்ணுவோர் எண்ணிக்கொண்டுதான் இருப்பர், நமக்கும் உதவித்தொகை வேண்டும். ஆனால், தம் காலம் குறுகியது என்றிருந்த ஒருவர், எண்ணிக்கையைப் பெருக்கவில்லை. ஒரு கேள்வியை எடுத்து அதற்கு முடிவு கண்டார். அடுத்த பருவத்தில் ஆய்வுப் பொருளைத் தேர்ந்தெடுக்க அமரும்போது, "இதிலிருந்து எத்தனை கட்டுரை வரும்?" என்பதற்கு முன்னால், "இதில் விடை காணாத கேள்வி எது?" என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.