சிறுநீரகம் திடீரென நின்றால்

கண்ணாடி விரியன் கடித்தவருக்கு விஷமுறிவு மருந்து ஏறிவிட்டது. ரத்தமும் மறுபடி உறையத் தொடங்கிவிட்டது. வீட்டாருக்கு நிம்மதி. செவிலியரின் கண் மட்டும் கட்டிலோரம் தொங்கும் சிறுநீர்ப் பையிலேயே இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும். 6 மணி நேரமாகியும் 100 மில்லி சேரவில்லை. வந்த கொஞ்சமும் டிகாக்ஷன் நிறம்.

சிறுநீரகம் நின்றுபோனதை ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறிக் காட்டுவதற்கு ஒரு நாளாவது ஆகலாம். பை அதற்கு முன்பே சொல்லிவிடும். ஆகவே மணிக்கு மணி அளந்து எழுதுவதை வெறும் எழுத்து வேலையாக நினைப்பது பெரும் பிழை.

விஷத்தால் ரத்த அழுத்தம் சரிகிறது, சிவப்பணுக்கள் சிதைகின்றன, சிறுநீரக நுண்குழாய்களின் உட்சுவர் செல்கள் மடிகின்றன. கடும் வயிற்றுப்போக்கிலும் எலிக்காய்ச்சலிலும்கூட இந்த நிலை வரலாம். ஆனால் அந்தச் செல்கள் பெரும்பாலும் மீண்டும் முளைக்கக் கூடியவை. அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை உடலைக் காப்பதுதான் வேலை.

முதல் எதிரி பொட்டாசியம். வெளியேற வழியின்றி ரத்தத்தில் ஏறினால் இதயத்தையே நிறுத்திவிடும். சொந்தக்காரர் அன்போடு கொண்டுவரும் இளநீரிலும் வாழைப்பழத்திலும் அதுதான் நிறைந்திருக்கிறது. அவற்றை ஏன் கொடுக்கக் கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்து, கோபப்படாமல் விளக்குவதும் மருத்துவமே.

அடுத்தது தண்ணீர். நேற்று இறங்கிய சிறுநீரின் அளவு, அதோடு சுமார் 500 மில்லி: பொதுவாக இன்றைக்கு அவ்வளவுதான். தினமும் காலையில் ஒரே எடைக்கருவியில் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஒரே இரவில் 1 கிலோ கூடினால் அது சதையல்ல, 1 லிட்டர் நீர். அது நுரையீரலில் தேங்கினால் மூச்சு முட்டும்.

பொட்டாசியமும் நீரும் கட்டுக்குள் வராவிட்டால் டயாலிசிஸ். அந்தப் பெயரைக் கேட்டதும் குடும்பம் கலங்குகிறது: "ஒருமுறை போட்டா ஆயுசுக்கும் போடணுமாமே?" இந்தப் பயத்தால் மறுத்து உயிரை இழப்பது கொடுமை. மருத்துவர் வில்லெம் கோல்ஃப் 1945இல் தன் டயாலிசிஸ் இயந்திரத்தால் முதன்முதலில் காப்பாற்றியது, சிறுநீரகம் திடீரென நின்றுபோன 67 வயதுப் பெண்ணைத்தான். சிறுநீரகம் விழித்ததும் அவருக்கு இயந்திரம் தேவைப்படவில்லை.

ஒருநாள் பை நிரம்பத் தொடங்கும். 3, 4 லிட்டர்கூடப் போகலாம். வீட்டார் சாமிக்கு நன்றி சொல்வார்கள். செவிலியர் அளப்பதை நிறுத்த மாட்டார். நீரோடு உப்பும் பொட்டாசியமும் அளவு மீறி வெளியேறுகிறதா என்று இப்போது பார்க்க வேண்டும்.