42 தந்திகள், 4 கழுத்துகள்

ஒரு கிதாரில் எத்தனை தந்திகள் பூட்டலாம்? 1984இல் ஜாஸ் கலைஞர் பேட் மெத்தனி, கனடாவில் கிதார் செய்யும் லிண்டா மேன்சரிடம் சொன்னது இதுதான்: எவ்வளவு முடியுமோ அவ்வளவு!

அப்படிப் பிறந்தது ‘பிக்காஸோ’ கிதார். 42 தந்திகள், 4 கழுத்துகள், 2 ஒலித்துளைகள். வேலை முடிய 2 ஆண்டுகள் பிடித்தன. எல்லாத் தந்திகளையும் முறுக்கேற்றினால், அந்த மரப்பெட்டி தாங்க வேண்டிய இழுவிசை ஏறக்குறைய 450 கிலோ.

சாமர்த்தியம் அதன் உடலமைப்பில்தான். வாசிப்பவரின் கைக்கு அடியில் வரும் மேல்விளிம்பு மெலிந்தும், மடியில் அமரும் கீழ்விளிம்பு தடித்தும் ஆப்பு போல இருக்கும். அதனால் கிதாரின் முகம் சற்றே மேல்நோக்கிச் சாயும். எட்டிப் பார்க்காமலே தந்திகள் கண்ணில் படும்.

1997இல் வந்த ‘இமேஜினரி டே’ ஆல்பத்தில் மெத்தனி இந்தக் கிதாரில் வாசித்த ‘இன்டு த ட்ரீம்’ கேட்டுப் பாருங்கள். வாசிப்பது ஒரே ஆள்தான்!