தானே நின்று தானே கிளம்பும் மோட்டார் வண்டிகளில் பாட்டரிக் கோளாறுகள்

இக்காலத்து மோட்டார் வண்டிகள் பலவற்றில் ஸ்டார்ட்-ஸ்டாப் என்னும் ஏற்பாடு அமைந்திருக்கிறது. வண்டி நின்றவுடன் யந்திரம் தானே ஓய்ந்து, கிளச்சை மிதித்ததும் தானே கிளம்பும். எண்ணெய்ச் செலவைக் குறைப்பதே இதன் நோக்கம். ஆனால் யந்திரம் ஓய்ந்திருக்கும் சமயத்தில் விளக்கு, விசிறி முதலியவற்றின் பாரம் முழுவதும் பாட்டரியைச் சேர்கிறது. கரும்பு ஆலை வாயிலில் அடிக்கடி நின்று நகரும் வண்டியின் பாட்டரி ஒரே நாளில் பலமுறை யந்திரத்தைக் கிளப்ப நேரிடும்.

“வண்டி இப்பொழுது தானே ஓய்வதில்லை” என்று சிலர் கூறுவர். தொல்லை விட்டதென்று வாளாவிருப்பர். இது தவறு. பாட்டரியில் சக்தி குன்றினால், மீண்டும் கிளப்ப முடியாமற் போகலாமென்று வண்டியிலுள்ள கருவி யந்திரத்தை ஓயவிடுவதில்லை. ஆதலின் இதனை முதல் எச்சரிக்கையாகக் கொள்ளல் வேண்டும். எனினும், யந்திரம் சூடேறாமை, இருக்கைப் பட்டை அணியாமை, கதவு சரியாக மூடாமை, குளிர்சாதனத்திற்கு அதிக வேலை ஆகியவற்றாலும் இவ்வாறு நேரும். அவற்றை முதலில் நீக்கிப் பார்க்க.

நமது ஜில்லாவில் வீட்டிற்கும் வயலுக்குமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுவோர் பலர். கிளப்புவதில் செலவான மின்சாரம் அத்தூரத்திற்குள் திரும்பச் சேராது. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைத்தலும், கோடையின் வெப்பமும் பாட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

சோதிக்கும் முறை:

1. முனைகளில் பூத்துள்ள உப்பைத் துடைத்து, பிடிப்பை இறுக்குக.

2. இரவு முழுதும் ஓய்ந்த வண்டியில், காலையில் கிளப்புமுன் வோல்ட் மீட்டரால் பார்க்க. 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் நலம்; 12.4 ஏறக்குறைய முக்கால் பங்கு, 12.2 ஏறக்குறையப் பாதி. பாதியாயின் உடனே சார்ஜ் செய்க.

3. முழுவதும் சார்ஜ் செய்தும் மறுநாட் காலை குறைந்திருந்தால், பின்னர் பொருத்திய விளக்கு, ஹாரன் முதலியவற்றில் கசிவு இருக்கலாம். அல்லது பாட்டரி தேய்ந்திருக்கலாம். பட்டறையில் பாரமேற்றிச் சோதிக்கச் செய்க.

புதிது வாங்குங்கால், ஏ.ஜி.எம். இனம் இருந்த இடத்தில் அதே இனத்தையும், ஈ.எப்.பி. இருந்த இடத்தில் ஈ.எப்.பி.யையோ ஏ.ஜி.எம். இனத்தையோ பொருத்துக. விலை மலிவென்று சாதாரண பாட்டரியைப் பொருத்தினால் அது விரைவில் கெடும். சில வண்டிகளில் புதிய பாட்டரியை வண்டியின் கணினியில் பதிவு செய்தலும் அவசியம். ஏ.ஜி.எம். பாட்டரியைத் திறந்து நீர் ஊற்றலாகாது.

வேறு வண்டியின் பாட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கும்போது, கறுப்புக் கம்பியின் கடைசி முனையைச் சோர்ந்த பாட்டரியின் எதிர் முனையில் மாட்டாது, யந்திரத்தின் வெற்று உலோகத்தில் மாட்டுக. எதிர் முனையில் பாட்டரியின் நிலையை அளக்கும் கருவி இருத்தல் கூடும். பாட்டரியினின்று எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் நெருப்பை அணுகவிடலாகாது.

கல்வராயன் மலைக் கிராமங்களில் இரவில் பிரசவ வேதனைப்படும் பெண்ணைக் கீழே கொண்டு வர வேண்டிய வண்டி கிளம்பாவிடின் விளைவு யாதென்று சொல்ல வேண்டுவதில்லை. மரவள்ளி ஏற்றவும் அதே வண்டியே வேண்டும். ஆகவே மாதம் ஒருமுறை மேற்கூறியவாறு சோதித்தல் நலம். பாட்டரி சந்தேகமாயிருப்பின், மலையேறுமுன் அந்த ஏற்பாட்டை அதற்குரிய பொத்தானால் நிறுத்தி வைத்து, திரும்பியதும் பட்டறைக்குக் கொண்டு செல்க.