திருகோணமலைத் துறைமுகப் பகுதியும் ஊர் சுற்றிய புகைப்படக்காரரும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுத முனைவோர் கல்வெட்டையும் ஏட்டையும் அரசாங்க அறிக்கையையும் தேடிச் செல்வர். வீட்டுச் சுவரிலே தொங்கும் பழைய உருவப்படத்தைச் சான்றாக மதிப்போர் மிகச் சிலரே. சீனன்குடாவையும் அதனைச் சூழ்ந்த துறைமுகப் பகுதியையும் பொறுத்தவரை இக்குறை பெரிதாகும். இத்துறைமுகத்தின் கப்பல்களையும் கோட்டையையும் காட்டும் பழைய படங்கள் பல கிடைக்கின்றன. இங்கு வாழ்ந்த மக்களைப் பெயருடன் காட்டும் படங்களோ அரிதாகவே தொகுப்புகளிற் சேர்ந்துள்ளன. இதற்குரிய காரணத்தைப் புகைப்படத் தொழிலின் இயல்பிலிருந்தே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழில் ஊர் சுற்றிய காரணம்

1839ஆம் ஆண்டு பாரிசு நகரில் தாகேரின் முறை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. 1851இல் இங்கிலாந்தின் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டார். 1854இல் பிரான்சின் திசுதேரி ஒரே தட்டிற் பல சிறு படங்களை எடுத்து, ஏறத்தாழ நான்கங்குல நீளமான அட்டைகளில் ஒட்டும் முறைக்கு உரிமம் பெற்றார். செல்வர்க்கே உரியதாயிருந்த உருவப்படம் இதனால் நடுத்தர மக்களுக்கும் எட்டியது.

ஆயினும் ஒரு சிற்றூரில் ஆண்டு முழுவதும் நிலையம் நடத்தப் போதிய வாடிக்கையாளர் கிடையார். எனவே, பெருநகரங்களில் நிலையங்கள் நிலைகொள்ள, சிற்றூர்களைத் தேடி நடமாடும் தொழிலாளர் சென்றனர். அமெரிக்க ஆறுகளிற் படகையே நிலையமாக்கியோரும், இங்கிலாந்தில் வண்டியோடு திரிந்தோரும் இவ்வகையினர். இலங்கையில் இசுக்கீன், இசுகோவன், 1890இல் தோன்றிய பிளாத்தே முதலிய நிறுவனங்கள் கொழும்பையும் கண்டியையுமே நிலைக்களமாகக் கொண்டன. திருகோணமலைக்குப் புகையிரதம் வந்தது 1927இலேதான். அதற்கு முன்னர்ப் படப்பெட்டி கடல்வழியாகவோ மாட்டுவண்டியிலோ வந்தாக வேண்டும்.

கூடாரமும் கிணற்றுநீரும்

ஈரக் கொலோடியன் முறையிலே கண்ணாடித் தட்டிற் கொலோடியனை ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவி முடித்தல் வேண்டும். சில நிமிடத் தாமதமே தட்டைக் கெடுத்துவிடும். ஆகவே புகைப்படக்காரர் இருட்டறையையும் கூடாரமாகத் தம்முடன் சுமந்து சென்றார்.

இம்முறை குளிர்நாட்டிற் பிறந்தது. கொலோடியனிற் கலந்துள்ள ஈதர் 34.6 பாகை செல்சியசிற் கொதிப்பது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எமது பகுதியின் நடுப்பகல் வெப்பம் அந்த எல்லையைத் தொடுவதும் கடப்பதும் உண்டு. மேலும், கடற்கரைக் கிணற்று நீரிலுள்ள உப்பு வெள்ளி நைத்திரேற்றுடன் சேர்ந்தால் வெள்ளிக் குளோரைட்டு வெண்படிவாக இறங்கும், கரைசல் பாழாகும். மழைநீரோ வடித்த நீரோ இன்றேல் வேலை நடவாது. வாடைக்கால மழையிலோ ஒளி போதாது. விடியலுக்குப் பிந்திய சில மணிநேரமே படமெடுக்க உகந்தது என்பது இவற்றாற் பெறப்படும். 1871இல் மடொக்சு கண்டறிந்த உலர்தட்டு முறை தொழிற்சாலைப் பொருளாகப் பரவிய பின்னரே கூடாரச் சுமை நீங்கிற்று.

கொண்டுசென்ற படமும் கொடுத்துச்சென்ற படமும்

நடமாடிய படப்பெட்டிகளை இரு வகையாகப் பிரித்தல் தகும். முதல்வகை, படத்தை எடுத்துக்கொண்டு சென்றது. 1868இல் இலங்கை அரசு அமைத்த தொல்பொருட் குழுவின் பொருட்டு, யோசேப்பு லோட்டன் 1870–71 காலத்தில் அநுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா முதலிய இடங்களைப் படமாக்கினார். அழகும் உழைப்பும் நிறைந்த அப்படங்களில் மனிதர் நிற்பது பெரும்பாலும் இடிபாட்டின் அளவைக் காட்டுதற்பொருட்டே. சுவிற்சர்லாந்து அறிஞரான சரசின் உறவினர் இருவர் 1892–93இல் வெளியிட்ட நூலில் வேடர், தமிழர், சிங்களவர் முகங்கள் இன மாதிரிகளாக இடம்பெற்றன. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூல் எமது கீழ்க்கரையின் கரையோர வேடரையும் ஆராய்ந்தது. இந்தியாவில் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் அரசாங்க வெளியீடும் இவ்வழியதே. இவற்றில் முகம் உண்டு. முகத்திற்குரியவரின் பெயர் பெரும்பாலும் இல்லை.

இரண்டாம் வகை, படத்தைக் கொடுத்துச் சென்றது. கருநிறப் பின்னணியிட்ட கண்ணாடிப் படமும், இரும்புத் தகட்டுப் படமும் எடுத்த சிறிது நேரத்தில் உரியவர் கைக்குச் சேரக்கூடியவை. தாளிற் பிரதி எடுக்க வெயிலும் நீரும் நாட்களும் வேண்டியிருந்தமையால், அடுத்த ஊருக்கு விரைந்தவனுக்கு இவையே ஏற்றவை. ஆனால் இவற்றுக்கு எதிர்ப்படிவம் கிடையாது. கையிலிருப்பது ஒன்றே ஒன்று. அது அழிந்தால் அம்முகம் முற்றாக அழிந்ததாகும்.

முதல்வகைப் படங்கள் இலண்டனிலும் பிற நகரங்களிலும் அட்டவணையிடப்பெற்றுப் பாதுகாப்பாயுள்ளன. இரண்டாம் வகைப் படங்கள் வீடுகளிலேயே தங்கின. வீடுகளின் விதியே அவற்றின் விதியாயிற்று. 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. பின்னர் 1983, 1990 ஆண்டுகளின் வன்செயல்களும் இடப்பெயர்வுகளும் நிகழ்ந்தன. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. கைக்குழந்தையையும் காணி உறுதியையும் தூக்கிக்கொண்டு ஓடியவர் சுவர்ப்படத்தைக் கழற்றுதற்கு நேரமேது? ஆகவே, படமெடுப்பார் இன்மையால் மட்டும் எம்மவர் முகங்கள் தொகுப்புகளிற் காணாமற்போகவில்லை. எடுக்கப்பட்டவற்றை எவரும் சேர்த்துவைக்காமையும் அதற்குக் காரணமாகும்.

படத்தை வாசித்தல்

எஞ்சியுள்ளவற்றைப் படிக்கும்போது சில நுட்பங்களை மனங்கொள்ளல் வேண்டும். பழைய தட்டுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன. ஆதலின் நீலச்சேலை வெளிறியும், குங்குமப்பொட்டு கறுத்தும், பொன்னகை மங்கியும் தோன்றும். எம் முன்னோர் மேனி இயல்பினும் கருமையாகத் தெரிவதும் இதனாலேயே. 1873இல் வோகல் சாயமூட்டும் முறையைக் கண்டறிந்த பின்னரே இக்குறை படிப்படியாகக் குறைந்தது. இரும்புத் தகட்டுப் படம் கண்ணாடியிற் காண்பதுபோல இடம்வலம் மாறி அமையும். மூக்குத்தியும் சேலைத் தலைப்பும் வழக்கத்திற்கு மாறான பக்கத்தில் இருப்பின் அதனைக் குலவழக்கெனக் கொண்டு மயங்கலாகாது. தகட்டின் இயல்பை முதலில் நோக்குதல் வேண்டும். முகத்தின் விறைப்பும் அக்கால மக்களின் மனநிலையைக் காட்டுவதன்று. பல விநாடிகள் அசையாதிருத்தற்குத் தலையின் பின்னே இரும்புத் தாங்கி வைக்கப்பட்டதுண்டு.

எமது கடன்

தமிழ்நாட்டில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழைய நிலையங்களின் படங்களைத் தேடி எண்ணிமப் பிரதிகளாக்கியுள்ளது. ஈழத்தில் நூலகம் நிறுவனம் ஆவணங்களை அவ்வாறே பேணி வருகின்றது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரியுண்டதைக் கண்ட சமூகம், ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருக்கும் பொருளின் நிலையாமையை நன்கறியும்.

திருகோணமலை மாவட்டத்திலிருந்து வரும் மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, தம் வீட்டிலும் அயலிலும் உள்ள பழைய படங்களைக் கேட்டறிதல் நன்று. படத்தை அட்டையிலிருந்து உரித்தலும் நீரால் துடைத்தலும் ஆகா. முன்பக்கத்தைப் போலவே பின்பக்கத்தையும் பிரதிசெய்தல் வேண்டும். நிலையத்தின் முத்திரையும் ஊர்ப்பெயரும் அங்கேதான் இருக்கும். எல்லாவற்றினும் முதன்மையானது, படத்திலுள்ளவர் யார் என்பதை மூத்தோரிடம் கேட்டு உடனே எழுதிவைத்தல். மங்கிய படத்தை நாளைய கருவிகள் தெளிவாக்கக்கூடும். பெயரை அறிந்த பாட்டி மறைந்தபின் அப்பெயரைத் தரவல்ல கருவி எதுவும் இல்லை.