தெருவைப் பார்த்த அந்நியர்

ஒரு தெருவில் அறுபது வருஷம் குடியிருந்த மனிதர் அத்தெருவைப் பார்த்திருக்கிறார் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. காலையில் நெத்திலி கூவிக்கொண்டு போகும் கிழவி, மர நிழலில் செருப்புத் தைப்பவர், சாணை பிடிக்கிறவர், அம்மி கொத்துகிறவர் ஆகிய இவர்களெல்லாம் அவர் கண்ணுக்குத் தூணைப் போலவும் சுவரைப் போலவும் பழகிப் போனவர்கள். ஆனால் நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய அந்நியன் ஒருவன் அதே தெருவில் கால் மணி நேரம் நின்றால் போதும். அவனுடைய குறிப்புப் புத்தகத்தில் நாலு பக்கம் நிரம்பிவிடும். அந்த நாலு பக்கத்தில் உண்மை எவ்வளவு, பிழை எவ்வளவு என்பது வேறு விஷயம். எழுதினவன் அவன். ஆகையால் இருநூறு வருஷத்துக்கு முற்பட்ட தெருவை நாம் காண விரும்பினால், பெரும்பாலும் அவனுடைய கண்ணைத்தான் இரவல் வாங்க வேண்டியிருக்கிறது.

சீன தேசத்துக்கும் இதே கதிதான். அத்தேசத்துப் பட்டணங்களின் தெரு வாழ்க்கையை உலகுக்கு முதலில் சித்திரமாகக் காட்டிய புத்தகங்களில் ஒன்று, நமது சென்னைக் கடற்கரையோடு சம்பந்தப்பட்டது என்பது நேயர்களில் பலருக்குப் புதுமையாக இருக்கலாம்.

சென்னையிலிருந்து காண்டனுக்கு

ஜார்ஜ் ஹென்றி மேஸன் என்பவர் ஆங்கிலேயப் படையின் 102-ம் ரெஜிமெண்டைச் சேர்ந்த அதிகாரி. சென்னையில் சேவை செய்து வந்த அவர், 1789-ம் வருஷத்தில் உடல் நலங் குன்றி, தேறுவதற்காக ரஜா பெற்றுக்கொண்டு சீனாவிலுள்ள காண்டன் நகருக்குக் கப்பலேறினார். அங்கே பொழுது போக வேண்டுமே! பூ-குவா என்ற சீனச் சித்திரக்காரர் தீட்டிய தெருத் தொழிலாளிகளின் படங்களை வாங்கிச் சேர்த்தார். 1800-ல் லண்டனில் அவை அறுபது வர்ணப் படங்களாக, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் விளக்கத்துடன், புத்தகமாக வெளிவந்தன. அதில் அரசர் இல்லை, போர் இல்லை. நாவிதர் இருக்கிறார்; உடைந்த பீங்கானுக்கு ஒட்டுப் போடுகிறவர் இருக்கிறார்; புத்தகம் விற்பவர் இருக்கிறார்; பொம்மலாட்டம் காட்டுகிறவர் இருக்கிறார். அன்றாட வயிற்றுக்காக அன்றாடம் தெருவுக்கு வந்தவர்களின் ஊர்வலம் அது.

இப்படங்களைப் பார்க்கும் நம்மவர்க்கு ஒரு வியப்பு உண்டாகும். தொப்பியையும் பின்னலையும் நீக்கிவிட்டால் பாதிப் பேர் பழைய வண்ணாரப்பேட்டைக்காரர்களாகவே தோன்றுவார்கள்! காவடித் தண்டில் இரு பக்கமும் சுமை தொங்கவிட்டு நடக்கும் நடையும், தெரு ஓரத்தையே கடையாக்கிக் கொண்டு குந்தியிருக்கும் இருப்பும் இரு தேசத்துக்கும் பொது.

உண்மையில் சீனம் நமக்கு அவ்வளவு அந்நியமும் அன்று. சீனச் சட்டியில் வடை சுடுகிறோம். சீனாக்காரம் போட்டுக் கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கிறோம். தீபாவளிக்குச் சீன வெடி கொளுத்துகிறோம். காப்பிக்குச் சீனி போடுகிறோம். ஜார்ஜ் டவுனில் இன்று நேதாஜியின் பெயர் தாங்கிய சாலையின் ஒரு பகுதிக்குச் சைனா பஜார் என்றே பெயர் வழங்கியது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கடற்கரை ரயில் நிலையத்தருகே விற்கும் ‘அத்தோ’வில் கிடப்பதும், சீனத்தில் பிறந்து பர்மா வழியாக வந்த நூலப்பந்தான்.

அலையில் தொடங்கிய தெரு

மேஸன் துரை கப்பலேறிய காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு வெகு தூரத்தில், திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே மூன்று வரிசையாக உருண்டு வரும் அலைகள். கவர்னரானாலும் சரி, கணக்குப் பிள்ளையானாலும் சரி, மசூலாப் படகில் ஏறித்தான் அவற்றைத் தாண்டியாக வேண்டும். அப்படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலையின் அறை பட்டுப் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுத்துப் பிழைக்கும். மேனாட்டுப் பிரயாணிகள் இதைக் கண்டு முதலில் நடுங்கினார்கள், பிறகு வியந்தார்கள்.

கட்டுமரத்தைக் கண்டோ அவர்களுக்கு வாயடைத்துப் போயிற்று. சில மரங்களைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் மண்டியிட்டுக்கொண்டு, அலைக்குள் மறைந்தும் எழுந்தும் வருகிற மனிதன்! கப்பலுக்குரிய கடிதங்களை நனையாமல் தலைத் தொப்பிக்குள் வைத்துக் கொண்டு போவான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். 1697-ல் வெளிவந்த தமது யாத்திரைப் புத்தகத்தில் வில்லியம் டாம்பியர், சோழமண்டலக் கரையில் இதற்குக் ‘கட்டமரான்’ என்று பெயர் என்று குறித்தார். அச்சொல் இன்று ஆங்கில அகராதியில் குடியேறி உலகத் துறைமுகங்களிலெல்லாம் வழங்குகிறது.

சொல் போயிற்று, சொன்னவன் பெயர் போகவில்லை. இத்தனை புத்தகங்களிலும், தன் உயிரைப் பணயம் வைத்துத் துரையையும் துரைசானியையும் கரை சேர்த்த படகோட்டிகளில் ஒருவனுடைய பெயராவது பெரும்பாலும் காணக் கிடைப்பதில்லை. ஆனால் அவர்கள் பெயரற்ற கூட்டமாகவா வாழ்ந்தார்கள்? தங்கள் கூலியிலிருந்து மகமை எடுத்து வைத்து, இராயபுரத்தில் புனித இராயப்பருக்கு அவர்கள் எழுப்பிய ஆலயம் இன்றும் நிற்கிறது. இராயபுரம் என்ற பெயரே அந்த இராயப்பரால் வந்தது என்பர். அலையில் அவர்களைக் கண்டவர்கள் கரையில் அவர்கள் என்ன கட்டினார்கள் என்று பார்க்கவில்லை.

ஒரு வாசல் வழியே ஒரு தேசம்

அந்நியர் பார்வையில் உள்ள முதற் குறை இதுதான். அவர் ஒரு வாசலில் நின்றுகொண்டு வீடு முழுவதையும் வருணிப்பார். 1757 முதல் 1842 வரையில் மேனாட்டு வர்த்தகர்கள் சீனாவில் காண்டன் ஒன்றில் மட்டுமே வியாபாரம் செய்ய அநுமதிக்கப்பட்டார்கள். அங்கும் நகரின் மதிலுக்கு வெளியே, ஆற்றங்கரைப் பண்டகசாலைகளை அண்டிய சில தெருக்களோடு சரி. அவர்களுக்குச் சீன பாஷை கற்பிப்பதும் தடுக்கப்பட்டிருந்தது. பாஷை தெரியாமல், நாலைந்து தெருவை மட்டும் பார்த்துவிட்டு, “சீனர்கள் இப்படிப்பட்டவர்கள்” என்று எழுதிய புத்தகங்கள் எத்தனையோ! பிரெஞ்சுக்காரரான ஸொன்னரா 1782-ல் வெளியிட்ட நூலில் இந்தியாவையும் சீனாவையும் சேர்த்தே எழுதினார். நம் தேசத்தைப் புகழ்ந்த அவர் சீனத்தை வெகுவாக இகழ்ந்தார். நம்மிடையே அவர் பல காலம் நடமாடினார். சீனத்திலோ காண்டன் வாசலோடு நின்றார். புகழ்ச்சிக்கும் இகழ்ச்சிக்கும் இந்த வித்தியாசமே பெரிதும் காரணமாக இருக்கலாம் அல்லவா?

பார்க்கிறவனையும் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை அந்நியர் மறந்து விடுகிறார்கள். மதுரையில் சில காலம் தங்கிப் பின்பு 14-ம் நூற்றாண்டின் நடுவில் சீனம் சென்ற இபின் பதூதா இதற்கு ஒரு ருசிகரமான சம்பவம் சொல்கிறார். சித்திரக்காரர் கடைத்தெரு வழியே தோழர்களோடு போனாராம்; மாலையில் திரும்பி வரும்போது அவர்கள் எல்லோருடைய உருவமும் காகிதத்தில் அச்சாக எழுதப்பட்டுச் சுவரில் ஒட்டியிருந்ததாம்! அந்நியர் எவரேனும் குற்றம் செய்து ஓடினால் பிடிப்பதற்கு அரசாங்கம் செய்திருந்த ஏற்பாடு அது.

துப்பாக்கியும் காமிராவும்

நம்மவரும் ஒரு முறை சீனத் தெருவில் அந்நியராக நின்றது உண்டு. அது மகிழத்தக்க கதை அன்று. 1840-ல் அபினிக்காக ஆங்கிலேயர் சீனத்தின்மீது யுத்தம் தொடுத்தபோது, மதராஸ் காலாட்படைச் சிப்பாய்களும் ஸாப்பர்களும் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். 1841 மே மாதத்தில் காண்டனை அடுத்த ஸான்யுவான்லி என்னுமிடத்தில், 37-வது மதராஸ் படையின் ஒரு கம்பெனி பெருமழையில் வழி தப்பி, ஆயிரக்கணக்கான கிராமத்தாரால் சூழப்பட்டது. மருந்து நனைந்து துப்பாக்கிகள் சுடவில்லை. மண்வெட்டியும் ஈட்டியும் ஏந்திய அக்குடியானவர்களைச் சீனர் இன்றும் தேச வீரர்களாகப் போற்றுகிறார்கள். அடிமைப்பட்ட ஒரு தேசத்தின் ஏழைகள், அடிமைப்படப்போகும் மற்றொரு தேசத்தின் ஏழைகளை எதிர்த்து நின்ற காட்சி அது. அந்த யுத்தத்தைப் பற்றி 1844-ல் புத்தகம் எழுதியவர் மதராஸ் என்ஜினீயர் படையின் ஆக்டர்லோனி துரை. சிப்பாய் எழுதவில்லை.

பின்பு காமிரா வந்தது. ஜான் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சீனத்தின் தெருக்களையும் மனிதரையும் படம் பிடித்து 1873, 1874-ம் வருஷங்களில் வெளியிட்டார். அதே மனிதர் ஊர் திரும்பியதும் லண்டன் நகரத்துத் தெரு ஏழைகளையும் அதே கண்ணால் படம் பிடித்தார் என்பது அவருக்குப் பெருமை. நமக்கு வாய்த்த காமிராவோ வேறு விதம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில், ஹூப்பர் என்ற படை அதிகாரி, எலும்புந் தோலுமான ஜனங்களை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். எடுத்தபின் அவர்களுக்கு உதவி செய்யவில்லை என்ற கண்டனமும் அவர்மீது எழுந்தது. மழை பொய்த்த அதே வருஷங்களில் வட சீனாவிலும் சுமார் ஒரு கோடி ஜனங்கள் மாண்டார்கள்.

ஆனால் வட சென்னையில் பஞ்சத்துக்குப் படத்தைவிட நல்ல ஞாபகச் சின்னம் ஒன்று உண்டு. 1782-ல், ஹைதர் யுத்தத்தால் விளைந்த பஞ்சத்தின்போது, மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார்கள். அந்தச் சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. கவர்னர் பெயர் பலகையில் இருக்கிறது. ஜனங்கள் வாயில் வழங்கிய பெயர் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’. பஞ்சத்தைப் படம் பிடிக்காமலே ஒரு தெரு அதை நினைவு வைத்துக்கொண்ட விதம் இது.

தூங்குகிறவன் யார்?

1890-ல் ஆர்தர் ஸ்மித் என்ற அமெரிக்கப் பாதிரியார் சீனரின் குணாதிசயங்களைப் பற்றி எழுதிய நூல் உலகப் பிரசித்தி பெற்றது. அதில் ‘நரம்பின்மை’ என்று ஓர் அத்தியாயம். சீனத் தொழிலாளி எந்தச் சந்தடியிலும், தள்ளுவண்டிகளின்மேல் தலை கீழாகத் தொங்கியபடியும், வாயில் ஈ புகுந்தாலும் தெரியாமல் தூங்குவான் என்று வேடிக்கையாக எழுதியிருக்கிறார். சீனரின் மாபெரும் எழுத்தாளர் லூ ஸுன், 1936-ல் இறப்பதற்குச் சில நாள் முன்னர்கூட, இந்நூலை நன்றாக மொழிபெயர்க்க வேண்டும் என்று விரும்பினார். தம் ஜனங்கள் அதைப் படித்து, எது மெய், எது பொய் என்று தாங்களே ஆராய்ந்து, திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. அந்நியன் சொன்னதற்காகக் கோபிக்கவும் வேண்டாம். ஒப்புக் கொள்ளவும் வேண்டாம். சோதித்துப் பார் என்றார்.

சோதித்துப் பார்ப்போம். காசிமேட்டுப் பக்கம் நடுப்பகலில் போனால், மீன்பாடி வண்டியின் பலகைமேல் வெயிலில் மல்லாந்து தூங்குகிறவர்களைக் காணலாம். லாரிகளின் அலறல் அவர்களை எழுப்புவதில்லை. இராயபுரத்தில் நான் பாடம் சொல்லும் வகுப்பில், உங்கள் தெருவைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஒரு பெண் எழுதினாள்: “அம்மா இரண்டு மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போகும். சங்கராவும் நெத்திலியும் எடுத்து வந்து கூறு கட்டும். பதினொரு மணிக்கு விற்று முடித்து வாசற்படியிலேயே படுத்துவிடும். அப்போது யாரும் பேசக் கூடாது.” ஸ்மித் பாதிரியார் தூக்கத்தைப் பார்த்தார், அதற்கு முந்தின இரவைப் பார்க்கவில்லை. அவர் நரம்பில்லை என்று எழுதிய இடத்தில், இச்சிறுமி அசதி என்று எழுதிவிட்டாள். அவளுடைய ஒரு பக்கம் அவருடைய அத்தியாயத்துக்குப் போதுமான மறுப்பு அல்லவா?

கடல் கொள்ளுமுன்

நம்மவர் எழுதியதே இல்லை என்று சொல்வதும் பிசகு. புதுச்சேரியின் அன்றாட நடப்பை 1736 முதல் தினப்படி எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை, நமது பெரம்பூரில் பிறந்தவரே. அந்தப் பழக்கம் அவரோடு நின்றுவிடத் தேவையில்லை.

இதில் அவசரமும் உண்டு. 1870-களில் துறைமுகத்துக்குக் கருங்கல் கரங்கள் கடலில் நீட்டப்பட்டன. வடக்கே நகர்ந்து செல்லும் மணலை அவை தெற்கே தடுத்து நிறுத்தின. அதனால் தெற்கே மெரீனா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் நோக்கிய கரையைக் கடல் அரித்தது. குப்பங்களும் தெருக்களும் ஒவ்வொன்றாக அலைக்கு இரையாயின. மிஞ்சியதைக் காக்கக் கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கடலுக்குத் தப்பிய தெருக்களின் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை பிடித்து நிற்கின்றன. 2021 முதல் விம்கோ நகர் வரையில் மெட்ரோ ரயில் தலைக்கு மேலே ஓடுகிறது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இராயபுரம் நிலையம் நிற்கிறது. அதன் தூண்களைப் படம் எடுக்க வருகிறவர்கள் உண்டு. அதன் வாசலில் மூட்டை தூக்கினவர்களைப் பற்றி எழுத வேண்டியவர்கள் அவர்களுடைய பேரப் பிள்ளைகள்தாம்.

மேஸன் துரைக்கு உடம்பு சரியில்லாததால் காண்டன் தெரு புத்தகமாயிற்று. நமது தெரு புத்தகமாவதற்கு அப்படி ஒரு துரைக்கு நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் போதும். வாசலில் வந்து போகிறவர் பெயர் என்ன, எந்த ஊர், எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன விலைக்கு விற்றார் என்று பிள்ளைகளைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அந்நியர் எழுதாமல் விட்டது பெயர்களைத்தான். அவற்றைக் கேட்டறிய நமக்குப் பாஷைத் தடை இல்லை.