பச்சைப் புள்ளிக்குப் பின்னால்

உங்கள் வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை இருக்கிறானா? அவன் மேஜை இழுப்பறையை ஒரு தரம் திறந்து பாருங்கள். பேனாவைப் போன்ற குழாய் ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும். பொத்தானை அழுத்தினால் எதிர்ச் சுவரில் சிவப்பாகவோ பச்சையாகவோ ஒரு புள்ளி விழும். அதுதான் லேசர் பேனா.

விடுமுறைக்கு நெல்லித்தோப்பிலுள்ள என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. திருப்புளி, பஞ்சு, குடல் சரிந்த இரண்டு லேசர் பேனாக்கள்!

“சித்தி, செத்துப் போனதைப் பிழைக்க வைத்துவிட்டேன்!” என்றான் அக்கா மகன். அவனுடைய நாலு வயதுத் தங்கை பச்சைப் புள்ளியைத் துரத்திக்கொண்டு கூடமெல்லாம் ஓடினாள். “இவனுக்கு நீயாவது சொல்லேன்” என்றாள் அக்கா.

என்னத்தைச் சொல்ல? பையன் செய்ததில் பாதி கெட்டிக்காரத்தனம், பாதி விபரீதம்.

சிவப்புப் பேனா கெட்டிக்காரத்தனம். செல் கசிந்து, ஸ்பிரிங்கில் களிம்பு ஏறியிருந்தது. வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் புதுச் செல் போட்டிருந்தான். நாம் கெட்டுப் போயிற்று என்று வீசுகிற பலவற்றுக்கு வியாதி இவ்வளவுதான். (பொத்தான் செல்லை மட்டும் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும்.)

பச்சைப் பேனாதான் விபரீதம். “இன்னும் பளிச்சென்று வரட்டுமே” என்று அதன் உள்ளேயிருந்த சின்னக் கண்ணாடிச் சில்லைக் கழற்றிவிட்டான்!

சாதாரணமாகக் கிடைக்கும் பச்சைப் பேனாக்கள் பலவற்றில் முதலில் பிறப்பது பச்சையே அல்ல. 808 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அது ஒரு ஸ்படிகத்தை உசுப்புகிறது. அதிலிருந்து வருகிற 1064 நானோமீட்டர் கதிரும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது ஸ்படிகம் அந்த அலைநீளத்தைப் பாதியாக்கி 532க்குக் கொண்டுவந்தால்தான் பச்சை! ஒளியைக் கொண்டு அணுக்களை உசுப்பும் வித்தைக்கு வழி காட்டியவர்களில் ஒருவர் ஆல்ஃபிரெட் கஸ்ட்லேர் என்ற பிரெஞ்சுக்காரர். 1966ல் நோபல் பரிசு பெற்றவர். புதுச்சேரிக்காரர்கள் கொஞ்சம் உரிமை கொண்டாடிக்கொள்ளலாம்.

மாறாமல் மிஞ்சிய அகச்சிவப்பைத் தடுத்து நிறுத்தத்தான் அந்தச் சில்லு. அதை எடுத்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே வெளியே வரும். கூசுகிற வெளிச்சம் பட்டால் இமை தானே மூடிக்கொள்ளும். தெரியாத வெளிச்சத்துக்கு எப்படி மூடும்? விழித்திரை சுட்டாலும் வலி தெரியாது. நேரே பார்க்கவும் வேண்டாம். பீரோக் கண்ணாடியில் பட்டுத் திரும்பினாலும் ஆபத்துதான்.

சில மலிவுப் பேனாக்களில் சில்லு முதலிலேயே கிடையாது. அமெரிக்க அரசின் தர ஆய்வு நிலையத்தார் 2010ல் வெளியிட்ட ஆய்வில் அப்படி ஒன்று அகப்பட்டது. பச்சை மங்கல், அகச்சிவப்போ ஏறக்குறைய 20 மில்லிவாட்! அங்கே இத்தகைய பேனாவுக்கு வரம்பே 5 மில்லிவாட்தான்.

“சில்லு எங்கேடா?” என்றேன். தீப்பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினான், முகம் வெளிறிப்போய். தங்கையை மடியில் உட்கார வைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடி, காலண்டர் எழுத்தைப் படிக்கச் சொன்னோம். எழுத்துத் தெரியாத குழந்தை, படத்திலிருந்த முருகனின் மயிலைச் சரியாகக் காட்டினாள். இருந்தாலும் மறுநாள் காலையில் கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

பச்சைப் பேனாவின் செல்கள் இப்போது அக்காவின் அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கின்றன.